கோழிக்கு மட்டும் கிடையாது

அயர்லாந்தின் கால்வே வட்டாரத்தில் 1978இல் ஒற்றைத் துரித உணவுக் கடையாகத் தொடங்கியது ‘சூப்பர்மேக்ஸ்’. ஐரோப்பா முழுக்கக் கடை விரிக்க அது பெயரைப் பதியப் போனபோது மெக்டொனால்ட்ஸ் குறுக்கே நின்றது. தன்னிடம் ‘பிக் மேக்’ பர்கர் இருக்க, இன்னொருவர் ‘மேக்’ என்றால் மக்கள் குழம்பிப்போவார்களாம்!

சூப்பர்மேக்ஸ் சும்மா இருக்கவில்லை. பதிந்த ‘பிக் மேக்’ பெயரை மெக்டொனால்ட்ஸ் ஐந்து வருடத்துக்குள் உண்மையாகவே பயன்படுத்தியதற்கு ஆதாரம் எங்கே என்று 2017இல் திருப்பிக் கேட்டது. உலகமே தின்னும் பர்கருக்குச் சாட்சி வேறா என்ற அலட்சியமோ என்னவோ, மெக்டொனால்ட்ஸ் நீட்டிய காகிதக் கட்டில் விக்கிப்பீடியாப் பக்கமும் இருந்தது. (கல்லூரி மாணவர் அப்படிச் செய்தால் மதிப்பெண் போயிருக்கும்.) 2019இல் பதிவே ரத்து. ஸ்வீடனில் பர்கர் கிங் உடனே தன் மெனுப் பலகையில் ‘பிக் மேக்’ பெயரை வைத்துக் கிண்டலடித்தது.

மேல்முறையீட்டில் பெரும்பகுதி மீண்டது. ஆனால் வழக்கு லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம்வரை போனது. கோழி பிக் மேக்குக்குப் பிரான்சில் ஓடிய விளம்பரங்களை மெக்டொனால்ட்ஸ் காட்டியது. எவ்வளவு விற்றது? எத்தனை நாள் விற்றது? அதற்குக் காகிதம் இல்லை. 2024 ஜூன் 5 அன்று கோழி சாண்ட்விச்சுக்கான உரிமை பறிபோனது.

மாட்டிறைச்சி பர்கருக்குப் பெயர் அப்படியே இருக்கிறது.