ஃபைலக்கா

நெல்லிக்குப்பத்தில் ஒரு பெண் லேடி டாக்டரைப் பார்க்கப் போகிறாள் என்றால் அந்தச் சேதி முதலில் புருஷனுக்குத் தெரியாது, பெற்ற தாய்க்கும் தெரியாது. ஃபைலக்காவுக்குத் தெரியும். "லேசா வயித்த வலிக்குதுக்கா" என்று குழாயடியில் ஒரு வார்த்தை விழுந்தால் போதும். குடம் நிரம்புவதற்குள் எந்த ஆஸ்பத்திரி, என்ன கிழமை, எத்தனை மணி பஸ் என்பதெல்லாம் முடிவாகிவிடும்.

அக்காவின் இயற்பெயர் ரேஷன் அட்டையில் மட்டும் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டியவர். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் ஹீமோகுளோபின், தைராய்டு, ஃபைப்ராய்டு மூன்றையும் பிசிறில்லாமல் சொல்வார். தோளில் நகைக்கடைக் கட்டைப்பை. அதற்குள் பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். அது யாருடையது என்று கேட்கக் கூடாது. அந்த வாரம் யாருக்கு உடம்பு சரியில்லையோ அவருடையது.

இந்த அக்கா ஒரே ஊரோடு நின்றுவிடுகிற பிறவி இல்லை. பண்ருட்டியில் ஒருவர் உண்டு, கடலூர் முதுநகரில் ஒருவர் உண்டு. நெய்வேலி டவுன்ஷிப்பில் இருப்பவர் கொஞ்சம் மிடுக்கானவர். 1956க்குப் பிறகு நிலக்கரிக்காக எழும்பிய ஊர் அது. வீடுகளெல்லாம் பிளாக் பிளாக்காக எண் போட்டவை. அதனால் அந்த அக்காவுக்கு நோயாளிகளும் எண்தான்: "பதினாறாம் பிளாக்குக்குத் தேதி தள்ளிப் போச்சு, இருபத்தோராம் பிளாக்குக்கு நாளைக்கு ஸ்கேன்." பக்கத்தில் நிற்பவர் சுரங்கத்து மிஷினைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வார். ரகசியம் காக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. நெல்லிக்குப்பத்துக்காரருக்கு அந்த வசதி இல்லை. சர்க்கரை ஆலைச் சங்கு ஊதினால் ஊர் முழுக்கக் கேட்கும். அக்கா தாழ்ந்த குரலில் பேசினாலும் அப்படித்தான்.

முதல் வேலை, தேதி. "கடைசியா தலைக்குக் குளிச்சது என்னிக்கு?" என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வி. நம் பெண்களில் பலருக்கு இந்தக் கேள்விக்கு நாள் கிழமை தெரியாது, திருவிழா தெரியும். "தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி பாக்கப் போகணும்னு இருந்தோம், முடியாமப் போச்சுல்ல, அன்னிக்குத்தான்." போகாமல் விட்ட கோயில்களைக் கொண்டு மாதக் கணக்கை மீட்டெடுப்பதில் அக்கா கெட்டிக்காரர். அதற்கடுத்த ஆதாரம் அடுப்படிச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டர். (தினசரி காலண்டர் உதவாது. நேற்றைத் தாள் இன்று வடை எண்ணெய் ஒற்றப் போய்விடும்.) மாதக் காலண்டரில் பெருக்கல் குறிகள், வட்டங்கள், ஒன்றிரண்டு நட்சத்திரங்கள். அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை ஓட்டுவார். "இது பால் வராத நாளு. இது கேஸ் வந்தது. இது சீட்டுப் பணம் கட்டினது. இந்தா, புள்ளி வெச்சிருக்கே, இதுதான் நீ." ஒரு குடும்பத்தின் வரவு செலவில் பெண்ணின் உடம்புக்குக் கிடைத்த இடம் ஒரு புள்ளி. அதையும் போன மாதம் கேஸ்காரர் வந்த அன்றே வைக்க வேண்டியதாகி, வட்டத்துக்குள் புள்ளியாகி, அக்காவையே அரை நாள் குழப்பிவிட்டது.

அடுத்தது ஒத்திகை. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நம் ஆட்கள் எங்கிருந்து தொடங்குவார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். தலைவலி, கால் குடைச்சல், பசியின்மை, பெரிய பையன் பத்தாவதில் எடுத்த மார்க். எழுந்து கதவருகே போன பிறகுதான், "அப்புறம் டாக்டர், வந்து..." என்று விஷயம் வெளியே வரும். அதற்குள் அடுத்த டோக்கன் உள்ளே நுழைந்திருக்கும். 2017இல் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் பல நாடுகளின் கணக்கு வந்தது. முதல்நிலைச் சிகிச்சைக்குப் போகிறவரோடு டாக்டர் செலவிடும் நேரம் வங்கதேசத்தில் 48 வினாடி, இந்தியாவில் ஏறத்தாழ இரண்டு நிமிடம், ஸ்வீடனில் இருபத்திரண்டரை நிமிடம். ஸ்வீடனுக்கு நம் பெண்களை அனுப்பினாலும் இருபத்திரண்டாவது நிமிடத்தில் எழுந்து கதவருகே போய்த்தான் "அப்புறம் டாக்டர்" என்பார்கள்.

ஆகவே அக்கா குக்கர் வைத்துப் பழக்குகிறார். அடுப்பில் பருப்பு ஏறியதும் சொல்லத் தொடங்க வேண்டும்; முதல் விசிலுக்குள் முடிக்க வேண்டும். எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை நாள் படுகிறது, ஒரு நாளைக்கு எத்தனை பேட், கட்டி கட்டியாகப் போகிறதா, எத்தனை பிரசவம், சாதாரணப் பிரசவமா ஆபரேஷனா, குடும்பக் கட்டுப்பாடு ஆயிற்றா, சுகர், பிரஷர். துணி பயன்படுத்துகிறவர்கள் எத்தனை துணி என்று சொல்லலாம், வெட்கமில்லை. "வெள்ளை படுதுன்னு சொன்னா மட்டும் போதாதுடி. நாத்தம் இருக்கா, அரிப்பு இருக்கா, தயிர் மாதிரியா தண்ணி மாதிரியா, எல்லாம் சொல்லணும்." அந்தச் சமயம் பார்த்து மாமனார் மோர் கேட்டு அடுப்படிக்கு வந்ததும், அப்படியே திரும்பிப் போனதும், அதற்குப் பிறகு ஒரு வாரம் மோரே கேட்காததும் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

மாத்திரை விஷயத்தில் அக்கா கறார். "சின்னதா, வெள்ளையா, ராத்திரி ஒண்ணு" என்று எந்த டாக்டரிடமும் சொல்லக் கூடாது. உலகத்து மாத்திரைகளில் பாதி அப்படித்தான் இருக்கும். அட்டையையே எடுத்து வர வேண்டும், தீர்ந்துபோன அட்டையானாலும். பழைய ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாம் தேதிவாரியாக. ஒரு வீட்டில் மூன்று வருஷத்து ரிப்போர்ட் அரிசி டிரம்முக்கு அடியில் இருந்தது. டிரம் ஆடாமல் இருக்க மடித்து வைத்தார்களாம். ஃபைலக்கா அதை உருவி எடுத்து, டிரம்முக்கு மின்கட்டண ரசீதை மடித்து வைத்துவிட்டு வந்தார்.

உடை பற்றி அக்காவுக்கு ஒரே சட்டம்: புடவை, அல்லது நாடா சுருக்கில்லாமல் அவிழ்கிற சுடிதார். உடம்போடு ஒட்டிய லெக்கிங்ஸைக் கழற்றுவதற்குள் டாக்டர் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். பவுடர், பூ, வளையல் எல்லாம் அவரவர் இஷ்டம். ஆனால் போகிற அன்று காலையில் டெட்டால் போட்டு உள்ளே கழுவுகிறவர்களைக் கண்டால் அக்காவுக்குப் பொல்லாத கோபம் வரும். "டாக்டர் பாக்கவேண்டியதையே கழுவி விட்டுட்டுப் போனா அவங்க என்னத்தைப் பாப்பாங்க, உன் மூஞ்சியவா?" அவர் சொல்வது சரி. பாப் ஸ்மியர் எடுக்கப் போகிறவர்கள் இரண்டு நாளைக்கு முன்பிருந்தே உள்ளே வைக்கும் மாத்திரை, களிம்பு, கழுவல், தாம்பத்யம் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க வேண்டும். கடைசி விஷயத்தைச் சொல்ல அக்கா பயன்படுத்தும் வாக்கியம், "ரெண்டு நாளு பசங்களோட படுத்துக்க."

அக்கா எல்லாவற்றிலும் சரி என்று சொல்லிவிட முடியாது. "எதுக்கும் வெறும் வயித்துல வா" என்பது அவருடைய வேதவாக்கு. டாக்டர் அப்படிச் சொல்லியிருந்தாலொழிய மகளிர் ஓபிக்குப் பட்டினியாகப் போக ஒரு காரணமும் இல்லை. ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு, காலை ஏழு மணி வரிசை, இதில் பட்டினி வேறு. யாராவது மயங்கிச் சாய்ந்தால் கட்டைப்பையிலிருந்து மிட்டாய் வரும். மிட்டாய்க் கம்பெனி இருக்கிற ஊர்க்காரர் என்பதால் கையிருப்புக்குக் குறைவில்லை. மயங்க வைப்பதும் அவரே, தெளிய வைப்பதும் அவரே. இன்னொன்று, "ரத்தம் பட்டுக்கிட்டு இருக்கறப்ப போகக் கூடாது" என்பார். ஸ்மியர் எடுக்கத்தான் அது தடை. நிற்காமல் படுகிறது என்பதே நோயாக இருக்கிறவர் நிற்கட்டும் என்று காத்திருப்பதில் என்ன அர்த்தம்?

ஸ்கேன் அன்று அக்கா படைத் தளபதி. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிரம்பியிருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஒரு லிட்டர் தண்ணீர். இதை நம்பி வீட்டிலேயே குடித்துவிட்டு பஸ் ஏறியவர்கள் நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூர் வரைக்கும் உள்ள ஒவ்வொரு வேகத்தடையையும் பெயர் சொல்லித் திட்டுவார்கள். அதுவும் ஆலை அரவைக் காலமாக இருந்து முன்னால் கரும்பு டிராக்டர் ஒன்று ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தால் சொல்லவே வேண்டாம். அதனால் அக்கா தண்ணீரைத் தன் பையில் வைத்திருப்பார். டோக்கனில் இன்னும் பத்துப் பேர் இருக்கும்போதுதான் பாட்டில் கைமாறும். உள்ளே ஒரு அவசர கேஸ் வந்து ஸ்கேன் நின்றுபோனால், பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள், சிரித்தால் ஆபத்து. இவ்வளவுக்கும் பிறகு டாக்டர் கையால் பரிசோதிக்கப் போகும்போது, "யூரின் போயிட்டு வாங்க" என்பார்கள். இரண்டு வேலைக்கும் இரண்டு நேர்மாறான வயிறு. முதலில் எது என்று கவுண்ட்டரிலேயே கேட்டு வைப்பது அக்காவின் அனுபவம்.

"ஆம்பிளை டாக்டரா இருந்தா நான் மாட்டேன்" என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு அக்கா திண்டிவனம் கதை சொல்வார். அதுவும் பழைய தென்னாற்காடுதான். இளம்பெண் ஐடா ஸ்கடர் அங்கே பெற்றோரோடு இருந்தபோது ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து பிரசவ வேதனையில் இருந்த மனைவிக்கு உதவி கேட்டார்கள். ஐடா தான் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர் என்றார். ஆண் பார்க்கக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். காலையில் மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அந்தப் பெண் அமெரிக்கா போய் டாக்டராகித் திரும்பி வந்து 1900இல் தொடங்கியதுதான் வேலூர் ஆஸ்பத்திரி. அக்கா கதையை இங்கேயே நிறுத்த மாட்டார். "மூணு பேரு செத்து ஒரு ஆஸ்பத்திரி வந்துடுச்சு. நீ செத்தா ஒண்ணும் வராது, கிளம்பு." ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது பெண் நர்ஸ் கூட இருக்கச் சொல்லிக் கேட்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

முப்பதைத் தாண்டிய எவரையும் அக்கா சும்மா விடுவதில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கத் தமிழக அரசு 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் சோதனை முறையில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டுவந்த பரிசோதனையில் பஞ்சில் தொட்டு வைப்பது நீர்த்த அசிட்டிக் அமிலம். கோளாறு உள்ள இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துக் காட்டும். "ஃபிரைடு ரைஸ்ல ஊத்தற வினிகர்தாண்டி, அதுக்கு ஏன் இந்தப் பயம்?" என்று அக்கா சொன்ன பிறகு பயம் போனவர்கள் உண்டு. ஃபிரைடு ரைஸை விட்டவர்களும் உண்டு.

ஆனால் இத்தனை அமர்க்களத்திலும் அவருடைய நிஜமான வித்தை வேறு. மருமகளோடு மாமியாரும் வருவார். டாக்டர் கேட்கிற கேள்விக்கெல்லாம் மாமியாரே பதில் சொல்வார், வலி எந்தப் பக்கம் என்பது உட்பட. "ஏற்கெனவே கலைஞ்சிருக்கா? கலைச்சிருக்கீங்களா?" என்ற கேள்வி வரும்போது மருமகள் தரையைப் பார்ப்பாள். ஃபைலக்காவுக்கு அந்தப் பார்வை தெரியும். டோக்கன் நெருங்கும் நேரத்தில் அவருக்குத் திடீரென்று ஞாபகம் வரும்: "ஆயா, ஓபி சீட்டுல முத்திரை குத்தலியே! நீங்க கொஞ்சம் போயி குத்தி வாங்கியாங்க. எனக்கு முட்டி வலி." முத்திரை ஏற்கெனவே குத்தியாயிற்று. கவுண்ட்டர் வளாகத்தின் அந்தக் கோடியில். மாமியார் போய், வரிசையில் நின்று, இதுக்கு எதுக்கும்மா வந்தீங்க என்று திட்டு வாங்கித் திரும்பி வருவதற்குள் மருமகள் உள்ளே போய் வந்துவிடுவாள். தனியாக. அக்காவும் உள்ளே போவதில்லை. ஊர்ச் சேதியெல்லாம் வேண்டியிருக்கிற மனுஷிக்கு அது எவ்வளவு பெரிய விரதம் என்பது அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

கல்யாணமாகாத பெண் என்றால் திட்டம் மாறும். லேடி டாக்டர் படியேறுவதை யாராவது பார்த்துவிட்டால் வரன் பேசுகிற இடம் வரைக்கும் சேதி போய்விடும். மாதம் தள்ளிப் போகிறது, முகத்தில் பருவும் முடியும் என்று போன ஒரு பெண்ணை அக்கா பக்கத்துப் பல் ஆஸ்பத்திரி போர்டின் கீழே நிறுத்தி, கன்னத்தில் கைக்குட்டையை வைத்துக்கொள்ளச் சொல்லி, வழியில் போகிற இரண்டு பேரிடம் "கடவாய்ப் பல்லு" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே அழைத்துப் போனார். விசாரிக்க வந்த அத்தை வீட்டோடு தங்கிவிட்டதால் அந்தப் பெண் ராத்திரி கஞ்சிதான் குடிக்க வேண்டியிருந்தது. வீட்டில் அன்று பிரியாணி.

திரும்பி வந்ததும் ஃபைல் மூடாது. மாமியார் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார், "டாக்டரம்மா என்னா சொன்னாங்க?" டாக்டர் சொன்னது இரும்புச் சத்து மாத்திரை, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னது, அவ்வளவே. ஃபைலக்கா மடமடவென்று படிப்பார்: "ரத்தம் கம்மி. தண்ணிக் குடம் தூக்கக் கூடாதாம். மத்தியானம் ஒரு மணி நேரம் படுக்கணுமாம். வாரத்துல ரெண்டு நாளு ஈரலாம். மாவாட்டறது கூடவே கூடாதாம்."

"சீட்டுல அப்படியா எழுதியிருக்கு?"

"டாக்டர் எழுத்து ஆயா. இந்தாங்க, நீங்களே படிச்சிப் பாருங்க."

கிழவி சீட்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். மருமகள் உள்ளே போகிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ரொம்ப நாளாகத் தனக்கும் கீழே ஏதோ இறங்கி வருகிற மாதிரி இருப்பதாகவும், குந்தி எழுந்தால் கை வைத்துத் தள்ளிவிட்டுக்கொள்ள வேண்டியிருப்பதாகவும், ஒருநாள் கூட வர முடியுமா என்றும், ஆனால் இதெல்லாம் மருமகளுக்குத் தெரியக் கூடாது என்றும், துணைக்கு அவளையும் கூட்டித்தான் போக வேண்டியிருக்கும், என்ன செய்வது என்றும் கேட்டார்.

"அதுக்கென்ன ஆயா," என்றார் ஃபைலக்கா. "அவளை முத்திரை குத்த அனுப்பிடலாம்."