பன்னிரண்டு பீஸ் ஆர்டர்

2012-ல் சென்னைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு. அங்கிருந்த என் சித்தப்பா அதைப் பெரிய துயரமாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் இருட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நாளில் திருப்பூரில் கரண்ட் எப்போது போகும் என்று யாரும் கேட்டதில்லை. எப்போது வரும் என்பதுதான் கேள்வி.

எனக்கு 15 வேலம்பாளையத்தில் நாற்பது பவர் டேபிள் போட்ட ஒரு சின்ன யூனிட். (15 என்பது ஊர்ப்பெயரிலேயே சேர்ந்தது. வெளியூர்க்காரர்கள் அதைக் கதவு எண் என்று நினைத்து, "சரிங்க, ஊர் பேரு?" என்று கேட்பார்கள்.) டெய்லர்களுக்குப் பீஸ் ரேட். மெஷின் ஓடினால்தான் அவர்களுக்குக் காசு, ஓடாவிட்டால் எனக்கு டீச் செலவு. அந்த வருஷம் நான் வாங்கிக் கொடுத்த டீயை ஒன்றாக ஊற்றியிருந்தால் நொய்யலில் கொஞ்சம் தண்ணீர் ஓடியிருக்கும்.

புது ஜெனரேட்டர் விலை கேட்டேன். நாற்பது டேபிளையும் விற்றால் வாங்கலாம் போலிருந்தது. வாங்கிவிட்டால் கரண்ட் கொடுக்கத்தான் ஒன்றும் மிச்சம் இருக்காது.

அப்போதுதான் மச்சினன் வந்தான். அவனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. அவன் செய்து முடித்த விஷயமும் இல்லை. "மாமா, ஆல்டர்னேட்டர் ஒண்ணு எனக்குத் தெரிஞ்ச எடத்துல சும்மா கெடக்குது. பழைய லாரி இன்ஜின் ஒண்ணு வாங்கி ஜோடி சேர்த்துட்டா முடிஞ்சுதுங்க" என்றான். கல்யாணத் தரகர் மாதிரிப் பேசினான். நானும் பெண் பார்க்கப் போகிற மாதிரித்தான் கிளம்பினேன். அயர்ன் பண்ணின சட்டையோடு.

பழைய இன்ஜினுக்குச் சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை. எங்களுக்குக் கோயமுத்தூர் உக்கடம் பக்கம். கடையின் பெயர் வேண்டாம். ஆறடிக்கு ஆறடி இடத்தில் அந்த நாலு சிலிண்டர் இன்ஜின் வெள்ளிப் பெயிண்ட் பளபளக்க நின்றது. கடைக்காரர் பேட்டரியை மாட்டினார், செல்ஃப் அடித்தார், ஒரே அடியில் பற்றிக்கொண்டது. "சத்தத்தக் கேளுங்க மாமா, தையல் மெஷின் மாதிரி!" என்றான் மச்சினன். என் யூனிட்டில் எந்தத் தையல் மெஷினும் அப்படிக் கத்துவதில்லை. ஆனாலும் தலையாட்டினேன். 85,000 ரூபாய். பேரம் பேசி 82,000. அந்த மூவாயிரத்தை ஜெயித்த சந்தோஷத்தில் வழியில் நின்று பிரியாணி சாப்பிட்டோம்.

இந்த இடத்தில் ஒரு வாக்குமூலம். நான் ஒரு பனியன்காரன். 1,200 பீஸ் ஏற்றுமதிக்குத் தயாரானால், பையர் தரப்பு ஆள் வந்து அதில் 80 பீஸை உருவி எடுத்துப் பார்ப்பார். 2.5 ஏ.கியூ.எல். கணக்கு. ஐந்து பீஸில் பழுது இருந்தால் போகட்டும் என்பார். ஆறாவது வந்தால் மொத்தத்தையும் திருப்பிவிடுவார். அதற்குப் பயந்து நானே ஒரு தையலை நாலு இடத்தில் நிறுத்திப் பார்ப்பேன். நூறு ரூபாய் பனியனுக்கு இவ்வளவு. 82,000 ரூபாய் இன்ஜினை, பெயிண்ட் நன்றாக இருக்கிறது என்று வாங்கி வந்தேன்.

மறுநாள் மேஸ்திரி வந்தார். அறுபது வயதிருக்கும். லாரி, டிராக்டர், விசைத்தறி, கிணற்று மோட்டார் என்று கொங்கு நாட்டில் சுழலும் எல்லாவற்றையும் ஒரு தடவை நிறுத்திப் பார்த்தவர். இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்றினார். தொடவில்லை.

"நீங்க கடைக்குப் போனப்ப இன்ஜின் சூடா இருந்துச்சுங்களா?"

யோசித்தேன். மச்சினன் ஸ்டைலாகக் கையை ஊன்றிவிட்டு வெடுக்கென்று எடுத்தது ஞாபகம் வந்தது.

"இருந்துச்சுங்க."

"அப்ப உங்களுக்கு முன்னாடியே ஒருக்கா ஓட்டி வெச்சிருக்காங்க. சூடான இன்ஜின் யாரு அடிச்சாலும் எந்திரிக்கும். குளுந்து கெடக்கறப்ப அடிச்சுப் பாக்கோணும். அப்பத்தான் அதோட வயசு தெரியும்."

அடுத்து ஆயில் குச்சியை உருவி, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தார். கம்பங்கூழ் மாதிரி இழுபட்டது. கியர் பெட்டிக்கு ஊற்றுகிற கெட்டி ஆயிலைக் கலந்திருக்கிறார்கள் என்றார். பேரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அழுத்தம் இறங்கும், சத்தம் வரும். கெட்டி ஆயில் இரண்டையும் கொஞ்ச நாளைக்கு மூடி வைக்கும். வெள்ளிப் பெயிண்ட்டும் அழகுக்கு இல்லை, பழைய ஆயில் கசிவுத் தடத்தின் மேல் போட்ட போர்வை. "நல்ல இன்ஜினா இருந்தா அழுக்காத்தானுங்க விப்பாங்க" என்றார். மச்சினன் அந்நேரம் பார்த்து முக்கியமான போன் பேச வெளியே போயிருந்தான்.

"அப்படியே தூக்கி மாட்டிட்டு ஓடற வரைக்கும் ஓட்டினா என்னங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மேஸ்திரி என்னைத் தரையில் உட்காரச் சொல்லி, இன்ஜினின் பின்பக்கத்தைக் காட்டினார். பிளைவீலுக்குப் பின்னால், கிராங்க் சாப்ட் வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம், ஆயில் சீல். விலை சில நூறு ரூபாய். இப்போது மாற்றினால் ஒரு மணி நேரம். ஆல்டர்னேட்டரைப் பின்னால் கோத்து, அடியில் போல்ட் போட்டு இறுக்கி, புகைக்குழாய் மாட்டி, நாலு மாதம் கழித்து அது ஒழுக ஆரம்பித்தால்? மாட்டிய எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தண்ணீர் வழிகளை அடைத்திருக்கும் தகட்டு மூடிகளும் அப்படித்தான். ஒன்றிரண்டு துரு அரித்து ஓட்டையாகக் காத்திருக்கும், அதுவும் கை நுழையாத இடமாகப் பார்த்து. கழுத்துப் பட்டி தைத்த பிறகு உள்ளே தோள் தையல் விட்டிருப்பது தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும். அந்த உவமையை அவர் சொல்லவில்லை, நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

மேஸ்திரிக்கு ஜி.டி.நாயுடு மேல் தனிப் பக்தி. கோயமுத்தூர்ப் பக்கம் ஸ்பேனர் பிடித்தவர்கள் எல்லோருக்கும் உண்டு. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தன் முதல் பஸ்ஸை விட்ட மனுஷன். அதற்கு முன்னாலேயே, ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள் மேல் ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கி, முழுவதையும் கழற்றிப் பிரித்துத் திரும்ப மாட்டிப் பார்த்தார். "பழைய வண்டிய வாங்கினா மொதல்ல கழட்டோணும்னு அந்தக் காலத்துலயே காட்டிட்டுப் போயிட்டாருங்க" என்றார் மேஸ்திரி. எனக்கு நாயுடு மேல் அன்றுதான் முதல் தடவையாக வருத்தம் வந்தது.

வேலை தொடங்கியது. முதலில் குளிப்பாட்டல். திறப்பதற்கு முன்னால் வெளியே டீசலும் கம்பி பிரஷ்ஷும் போட்டுச் சுத்தமாகக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் மூடியைத் திறந்ததும் மேலே இருக்கும் மண் நேராக உள்ளே போகும். மண்ணும் உப்புத்தாளும் இன்ஜினுக்கு ஒன்று. திறந்த பின் காற்று போகும் வழி, புகை வரும் வழி, தண்ணீர் வழி, ஆயில் வழி எல்லாவற்றையும் துணி வைத்து அடைக்க வேண்டும். பெரிதும் சிறிதுமாகப் பன்னிரண்டு வாய்.

துணிக்கு என்ன பஞ்சம்? ஒரு மூட்டை பனியன் வேஸ்ட்டைத் தூக்கி வந்து பெருமையாகப் போட்டேன். இந்தியாவில் எந்த மெக்கானிக் கை துடைத்தாலும் எங்கள் ஊர் கட்டிங் வேஸ்ட்டில்தான் துடைத்திருக்க நியாயம் உண்டு. மேஸ்திரி மூட்டையைக் காலால் தள்ளினார். "இது கை தொடைக்கறதுக்குங்க. உள்ள வெச்சா நூல் பிரியும், பஞ்சு உதிரும். பன்னெண்டு துணி வேணும். ஓரமெல்லாம் ஓவர்லாக் அடிச்சு. செவப்புக் கலரு. உள்ள மறந்து போனா கண்ணுக்குத் தெரியோணும்."

லைன் சூப்பர்வைசரிடம் சொன்னேன். நோட்டை எடுத்தான். "பையர் யாருங்க?"

"பையர் இல்லப்பா. இன்ஜினுக்கு."

"லேபிள் உண்டுங்களா?"

அன்று மதியம் கரண்ட் இருந்த நாற்பது நிமிஷத்தில் பன்னிரண்டு பீஸ் முடிந்தது. எங்கள் யூனிட் வரலாற்றில் டெலிவரி தேதிக்கு முன்பே போன ஒரே ஆர்டர் அதுதான்.

மறுநாள் சம்ப்பை, அதாவது அடியில் இருக்கும் ஆயில் தொட்டியைக் கழற்றினார்கள். ஆயிலைப் பம்புக்கு உறிஞ்சிக் கொடுக்கும் இடத்தில் ஒரு கம்பி வலை ஸ்டிரெய்னர் உண்டு. அதில் கறுப்பாக ஏதோ பூனைக்குட்டி மாதிரிச் சுருண்டு கிடந்தது. மேஸ்திரி குறட்டால் இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. டீசலில் அலசிப் பிழிந்து, எல்லோரும் பார்த்தார்கள். யாருக்கும் புரியவில்லை. அந்த மூன்று நாளில் எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று முதல் தடவையாக என் முன்னால் வந்திருந்தது. வாங்கி, அகலவாக்கில் இழுத்தேன். விட்டேன். சுருங்கியது.

"ஒண்ணுக்கு ஒண்ணு ரிப். லைக்ரா கலந்தது. கழுத்துப் பட்டி கட்டிங்."

கொஞ்ச நேரம் மௌனம். மேஸ்திரி முதல் தடவையாக என்னை மரியாதையாகப் பார்த்தார். கதை அதோடு விளங்கிவிட்டது. முன்னால் யாரோ ஒருவர் இந்த இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்து, உள்ளே பனியன் வேஸ்ட் போட்டுத் துடைத்து, எடுக்க மறந்து மூடியிருக்கிறார். பம்பு அதை வலைக்கு இழுத்துக்கொண்டது. ஆயில் போதாமல் பேரிங் காய்ந்து தேய்ந்தது. தேய்ந்ததை மறைக்கக் கெட்டி ஆயில். கெட்டி ஆயிலை மறைக்க வெள்ளிப் பெயிண்ட். அதை வாங்க நான். திருப்பூரிலிருந்து கிலோக் கணக்கில் விற்றுப் போன கட்டிங் ஒன்று 82,000 ரூபாய்க்குத் திருப்பூருக்கே திரும்பி வந்திருக்கிறது. என் யூனிட்டிலிருந்தே போனதாகவும் இருக்கலாம். சாயம் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

பேரிங்கைக் கழற்றினால், மேல் பூச்சு போய் அடியில் செம்பு தெரிந்தது. கிராங்கைக் கோயமுத்தூருக்கு அனுப்பிச் சாணை பிடித்து, 0.25 மில்லிமீட்டர் குறைந்த அளவுக்கான பேரிங் போட்டோம். நாசில் டெஸ்ட், டீசல் பம்பு காலிபரேஷன், வால்வு, கேஸ்கெட், பெல்ட், ஹோஸ் என்று மற்றதெல்லாம் பில்லாக வந்தன. பில்களைப் பற்றி எழுதினால் இது நகைச்சுவைக் கட்டுரையாக இருக்காது.

தெர்மோஸ்டாட்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு வெந்நீர்ப் பாத்திரத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, 80 டிகிரியை ஒட்டித் திறக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். லாரி ஓடும்போது எதிர்க்காற்றாவது அடிக்கும்; ஷெட்டுக்குள் ஒரே இடத்தில் நிற்கிற இன்ஜினுக்கு ரேடியேட்டரையும் விசிறியையும் விட்டால் நாதி இல்லை. வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் எடுத்துப் போனேன். அது என் மாமியார் அனுப்பர்பாளையத்தில் பார்த்துப் பார்த்து வாங்கிச் சீராகக் கொடுத்த பித்தளைப் பாத்திரம் என்பது எனக்குத் தெரியாது. தெர்மோஸ்டாட் சரியான சூட்டில் திறந்தது. அன்று இரவு வீட்டில் அதைவிடச் சீக்கிரம் திறந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து, எல்லாம் மாட்டி, ஸ்டார்ட் பண்ணும் நாள். தேங்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம். டெய்லர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். எப்படியும் கரண்ட் இல்லை. மேஸ்திரி முதலில் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றவைத்தார், எங்கும் இடிக்கிறதா என்று. பிறகு டீசலை அடைத்துவிட்டு வெறும் செல்ஃபில் சுழற்றினார். ஆயில் கேஜ் முள் மேலே ஏறுகிற வரைக்கும் இன்ஜின் உயிர் பெறக் கூடாது; வறண்ட பேரிங்கில் ஓடுகிற முதல் நிமிஷம்தான் புது வேலையைத் தின்னுமாம். முள் ஏறியது. கூட்டம் கைதட்டியது. ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார்கள்.

"துணி எத்தன வந்துச்சு?" என்றார் மேஸ்திரி.

அதற்கு நான் ஏற்பாடு செய்திருந்தேன். எடுக்க எடுக்க ஒவ்வொரு துணியும் செக்கிங் டேபிளில் உள்ள அக்காவிடம்தான் போக வேண்டும் என்று உத்தரவு. இருபது வருஷ சர்வீஸ். எண்ணிக்கையில் ஒரு பீஸ் தவறியதில்லை. உதவிக்கு இருந்த பையன் ஓடிப்போய்க் கேட்டுவந்தான்.

"பதினொண்ணுங்க."

மேஸ்திரி சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்தக் கழுத்துப் பட்டி ரிப்பு எல்லோருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். காற்றுக் குழாயைக் கழற்றினார்கள். புகைக் குழாயைக் கழற்றினார்கள். டார்ச் அடித்து ஒவ்வொரு வாயாகப் பார்த்தார்கள். ரேடியேட்டர் ஹோஸைக் கழற்றி, ஊற்றிய தண்ணீரை எல்லாம் வடித்தார்கள். கற்பூரம் அணைந்துபோயிற்று. சம்ப்பைத் திரும்பவும் இறக்கலாமா என்று மேஸ்திரி யோசித்துக்கொண்டிருந்தபோது, என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் செக்கிங் டேபிளுக்குப் போனேன்.

அக்கா பதினோரு சிவப்புத் துணியை மடித்து, அடுக்கி, நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார்.

"ஏனுங்க்கா, நல்லா எண்ணிப் பார்த்தீங்களா? பன்னெண்டு இருக்கோணும்."

"பதினொண்ணுதானுங்க பாஸ்" என்றார் அக்கா, டேபிளுக்கு அடியில் இருந்த கோணிப்பையைக் காட்டி. "ஒண்ணுல ஓவர்லாக் விட்டிருந்துச்சு. ரிஜெக்ட்ல போட்டுட்டேன்."