ஏசி அறைக்குள் ஒரு வெப்பமண்டலம்

சிங்கப்பூரின் கென்ட் ரிட்ஜ் பூங்காவில் நெபந்தஸ் என்னும் குடுவைச் செடி யார் தயவும் இல்லாமல் புதரோரம் படர்ந்து கிடக்கிறது. அந்தத் தீவின் சொந்த நெபந்தஸ் இனங்கள் 3. பகலில் 30 டிகிரியைத் தாண்டும் வெயில், இரவிலும் விடாத புழுக்கம், அடிக்கடி மழை. தாழ்நில நெபந்தஸ் கேட்பது அவ்வளவுதான்.

அதே ஊரின் அடுக்குமாடிச் செடிப் பிரியர் முதலில் ஏசியைப் போட்டு வீட்டிலிருந்து சிங்கப்பூரை வெளியேற்றுகிறார். பிறகு கண்ணாடிப் பெட்டி, ஹீட்டர், பனிப்புகைக் கருவி, எல்இடி விளக்கு எல்லாம் வாங்கி, துரத்திய சிங்கப்பூரைப் பெட்டிக்குள் திரும்ப அழைக்கிறார். மின்கட்டணம் இரண்டு பருவநிலைக்கும் சேர்த்து வருகிறது.

தண்ணீரிலும் ஆசாரம் உண்டு. தாது உப்பு சேர்ந்தால் செடி வாடும். ஆகவே செடிக்கு ஆர்ஓ நீர், வீட்டாருக்குக் குழாய்த் தண்ணீர். நடுவது சத்தில்லாத பாசியில். சத்தைப் பூச்சி தரவேண்டும். ஆனால் ஒரு ஈ நுழைந்தாலும் ஸ்பிரேயோடு துரத்தும் வீடு அது. எனவே காய்ந்த புழுவைக் கடையில் வாங்கி இடுக்கியால் ஊட்டுகிறார். ஊனுண்ணி என்று பெயரெடுத்த செடி வாயைத் திறந்தபடி காத்திருக்கிறது.

ஆம்புலேரியா இனம் இன்னும் சங்கடம். காட்டில் அது உதிரும் சருகையும் செரித்துப் பாதி சைவமாகக் காலம் தள்ளுவது. பெட்டிக்குள் மரத்துக்கு எங்கே போவது?

ராஃபிள்சியானாவோ பல மீட்டர் ஏறும் கொடி. அது மூடியை முட்டியதும் பெரிய பெட்டிக்கு விலை விசாரிக்கிறார். பால்கனியில் வைத்தால் என்ன என்று வீட்டம்மா கேட்டது அவர் காதில் விழவில்லை.