தேதி கேட்டால் ஜாதகம்

ஒரு கோப்பு கடைசியாக எப்போது திருத்தப்பட்டது? ஷெல் ஸ்கிரிப்டில் இதைக் கேட்குமுன் அது எந்த ஊர் யூனிக்ஸ் என்று விசாரிக்க வேண்டும். லினக்ஸில் ‘ஸ்டாட்’ கட்டளைக்கு ‘சி’ ஆப்ஷன், மேக்கில் ‘எஃப்’. அதே ‘எஃப்’பை லினக்ஸில் கொடுத்தால், கோப்பை விட்டுவிட்டு வட்டில் எவ்வளவு இடம் காலி என்று ஒப்பிக்கும். ஒருவழியாகப் பதில் வந்தாலும், 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிக்கணக்காக வரலாம். ‘எல்எஸ்’ கொஞ்சம் இரக்கமுள்ளது, தேதியையே காட்டும். ஆனால் ஆறு மாதம் தாண்டிய கோப்பென்றால் மணியை விழுங்கிவிட்டு ஆண்டைச் சொல்லும். இத்தனை பாடுபட்டுக் கண்டறிந்த தேதியை ‘டச்’ என்ற கட்டளை நொடியில் மாற்றிவிடும். முன்தேதியிடும் இந்த வசதியில் மட்டும் எல்லா யூனிக்ஸுக்கும் அப்படியொரு ஒற்றுமை!