கிளை நூலகத்தில் கூட்டம் போடுகிறவர்

கூட்டம் போடுகிறவர் நூலகத்தின் ஊழியர் அல்ல. உறுப்பினர்தான், ஆனால் வாசகர் என்று சொல்லிவிட முடியாது. செகந்திராபாத்தின் எந்தக் கிளை நூலகத்துக்குள் நுழைந்தாலும் அவரை அடையாளம் காண்பது சுலபம். மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்க, அவர் நின்றபடி அந்த நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருப்பார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் செலோடேப், குண்டூசி டப்பா, மடித்த பேனர், மைக்குக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் வயர். புத்தகம் இருக்காது. தப்பித்தவறி இருந்தால், அது பரிசு கொடுக்க வாங்கி மிஞ்சிப்போனது.

இந்த இனம் பெரும்பாலும் மேற்கு மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர், லாலாகுடா பக்கங்களில் வசிக்கும் ஓய்வூதியக்காரர்களிடையே உருவாகிறது. தமிழ்க் குடும்பங்கள் மதராஸ் படையோடும் ரயில்வேயோடும் வந்து தங்கிய ஊர் இது. 1966 அக்டோபரில் தென்மத்திய ரயில்வே பிறந்து, தலைமையகம் இங்கேயே அமைந்தபின் இன்னும் பலர் வந்தார்கள். அந்தத் தலைமையகத்துக்கு ‘ரயில் நிலயம்’ என்று பெயர். ரயில் ஒன்றும் அங்கே நிற்காது, கோப்புகள் நிற்கும். அங்கே முப்பது ஆண்டு சுற்றறிக்கை எழுதிப் பழகிய கை, ஓய்வுபெற்ற மறுநாள் சும்மா இருக்க மறுக்கிறது. வீட்டில் சுற்றறிக்கை செல்லாது. சமையலறைக்கு ஒன்று அனுப்பிப் பார்த்தவர்கள் உண்டு. அதற்குப் பதில் வந்த விதத்தில்தான் பலர் நூலகத்தைக் கண்டுபிடித்தார்கள்.

இவருக்கு ஒரு கௌரவமான பூர்வீகமும் இருக்கிறது. ஹைதராபாத்தில் 1901இல் ஸ்ரீ கிருஷ்ணதேவராய ஆந்திர பாஷா நிலயம் தொடங்கப்பட்டது. பின்னாளில் பொதுக்கூட்டம் போட முன் அனுமதி வேண்டும் என்று நிஜாம் அரசு ‘கஷ்தி 53’ என்ற சுற்றறிக்கை விட்டது. அந்த நாட்களில் நாலு பேர் கூடிப் பேச நூலகமே இடம் கொடுத்தது. புத்தகம் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போனார்கள். இன்று தலைகீழ். புத்தகம் எடுக்கப் போகிறவர் கூட்டத்தில் மாட்டிக்கொள்கிறார். தமிழ்நாட்டில் இவருடைய பங்காளிக்கு வாசகர் வட்டத் தலைவர் என்று பெயரே உண்டு. அங்கே ஆயிரம் ரூபாய் கட்டினால் நூலகப் புரவலர் ஆகிவிடலாம். பெயரும் பலகையில் ஏறும். செகந்திராபாத்துக்காரர் அந்தப் பலகையைப் பற்றிப் பேசும்போது குரல் சற்றுத் தழுதழுக்கும்.

கூட்டம் போடுகிறவருக்கு ஆண்டு என்பது பன்னிரண்டு மாதம் அல்ல, சில தேதிகள். பிப்ரவரி 13, விவேகானந்தர் 1893இல் இந்த ஊர் மஹபூப் கல்லூரியில் சொற்பொழிவாற்றிய நாள். சிகாகோவுக்கு முன் சிக்கந்தராபாத் என்று இவர் தொடங்கினால் கேட்பவர்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவது நல்லது. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். மே மாதம் பிள்ளைகளுக்குக் கோடை முகாம். ஆகஸ்ட் 12 நூலகர் தினம், அதாவது சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் பிறந்த நாள். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளையும் கூட்டம் போடுகிறவர் மனப்பாடமாகச் சொல்வார். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது அவற்றில் நான்காவது. அதை மட்டும் விளக்க நாற்பது நிமிடம் ஆகும்.

ஒரு நிகழ்ச்சி நடந்து முடிவதில் இவருக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. வரவிருக்கும் நிகழ்ச்சிதான் உயிர். அறிவிப்புப் பலகையில் இவர் ஒட்டும் தாளின் தலைப்பு எப்போதும் ‘வரவிருக்கும் நிகழ்ச்சிகள்’ என்றே இருக்கும். போன மாதம் நடந்ததும் நடக்காததும் அதன் கீழ் அப்படியே கிடக்கும். பேனர் அடிக்கும்போது தேதிக்கும் தலைவர் பெயருக்கும் இடம் விட்டே அடிக்கச் சொல்வார். அந்த இடத்தில் ஆண்டுக்கொரு காகிதச் சதுரம் ஒட்டப்படும். மேலாகச் சுரண்டினால் முந்தைய ஆண்டு தெரியும். இன்னும் சுரண்டினால், முதன்முதலில் தலைமை தாங்கிய, இப்போது காலமாகிவிட்ட பெரியவரின் பெயர் எட்டிப் பார்க்கும். கூட்டத்தின் நடுவில் பேச்சாளர் மூச்சு வாங்கும் இடைவெளியில் எழுந்து அடுத்த கூட்டத்தை அறிவித்துவிட்டு உட்காரும் கலை இவருக்கு மட்டுமே வரும். பேச்சாளர் விட்ட இடத்தை மறந்திருப்பார். சபைக்கு அது ஒரு நிம்மதி.

பார்வையாளர்களுக்கு இவர் அலைவதில்லை. அவர்கள் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். தெலங்கானாவின் பொது நூலகங்கள் இப்போது குரூப் 1, குரூப் 2 தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களின் வீடாகிவிட்டன. சிக்கடப்பள்ளி நகர மத்திய நூலகம் இதற்கு மாநிலம் முழுக்கப் பேர் பெற்றது. 2023 நவம்பரில் தேர்தல் பிரசாரத்தின் நடுவே ராகுல் காந்தியே அங்கே போய் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினார். அந்தச் செய்தியைப் படித்துக் கூட்டம் போடுகிறவர்கள் வருந்தினார்கள். அவ்வளவு பெரிய மனிதர் வந்தும் வரவேற்புரை இல்லையே!

கிளை நூலகத்திலும் அதே பிள்ளைகள்தான். வீட்டிலிருந்து கொண்டுவந்த தலையணையை நாற்காலியில் போட்டு, காலடியில் தண்ணீர் பாட்டில், மடியில் லட்சுமிகாந்தின் அரசியலமைப்புப் புத்தகம். மேடைக்கு ஆறு நாற்காலி வேண்டும் என்று இவர் வந்து நிற்பார். “கொஞ்சம் அட்ஜஸ்ட் சேஸ்கோ பாபு.” பாபு தலை நிமிராமல் தலையணையோடு எழுந்து அடுத்த பெஞ்சுக்கு நகர்வார். காதில் இயர்ஃபோன் ஏறும். கூட்டம் தொடங்கியதும் அவர்கள் செய்யும் ஒரே சேவை, கைதட்டல் ஒலிக்கும்போது தாங்களும் தட்டுவது. கண் புத்தகத்தில் இருக்கும், கை தனியாகத் தட்டும். வருகைப் பதிவேடு மேசைக்கு மேசை நகரும். எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். அந்தப் பதிவேட்டைப் புரட்டுகிற ஆராய்ச்சியாளர், செகந்திராபாத் இளைஞர்களிடையே சங்க இலக்கிய ஆர்வம் பொங்கி வழிந்ததாக முடிவுக்கு வரக்கூடும்.

ஒரு முறை பொது அறிவு வினாடி வினா வைத்தார்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு, ஆறுதல் பரிசு நான்கும் தேர்வுப் பிள்ளைகளுக்கே போயின. ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த தேதியை நேரத்தோடு சொன்னார்கள். நடுவராக வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியரையும் இரண்டு இடத்தில் திருத்தினார்கள். அடுத்த ஆண்டு அறிவிப்பில் புதிதாக ஒரு விதி சேர்ந்தது: படிக்கிறவர்கள் கலந்துகொள்ளக் கூடாது.

செப்டம்பர் 22 தனியாகக் கவனிக்க வேண்டிய நாள். அசோகமித்திரன் 1931இல் இதே ஊரில் பிறந்து, இருபத்தோரு வயதில் சென்னைக்குப் போனவர். தந்தை ரயில்வேயில் இருந்தார். 1977இல் வந்த ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நாவல் முழுக்க இந்த ஊர்தான், இந்தியப் படை உள்ளே வந்த 1948 வரையிலான கலவர காலம். ஆகவே கூட்டம் போடுகிறவருக்கு இது குடும்ப விசேஷம் மாதிரி. அரசு நூலகத்தின் அலமாரியில் தெலுங்கும் உருதும் ஆங்கிலமும் இருக்க, தமிழுக்கென்று இவர் பாடுபட்டு வாங்கிய ஓர் இரும்பு பீரோ மூலையில் நிற்கும். நாவல் அதற்குள் இருக்கிறது. பீரோச் சாவி முன்னாள் செயலாளரிடம் இருக்கிறது. முன்னாள் செயலாளர் மகனோடு பெங்களூரில் இருக்கிறார்.

பேச்சாளர் நாவலின் மௌனங்களைப் பற்றித் தொடங்குவார். மூன்றாவது நிமிடத்தில் முன்வரிசையில் ஒருவர் கை தூக்குவார். நாவலில் வரும் லான்சர் பாரக்ஸ் வீடுகள் பேச்சாளர் சொன்ன பக்கம் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம். இல்லை, அந்தப் பக்கம் என்பார் இன்னொருவர். அவருடைய மாமனார் அங்கே பால் வாங்கியிருக்கிறார். இருபது நிமிடம் இலக்கியம் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வரும். அது ஓயும்போது, சர்வேத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர் எழுவார். செகந்திராபாத் இருப்பது 17 பாகை 26 கலையில். எழுத்தாளர் எப்படிப் பதினெட்டு என்று போடலாம்? பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை முதலாவது என்று எண்ணினால் பதினேழைத் தாண்டியது பதினெட்டாவதுதானே என்று கணக்கு ஆசிரியர் ஒருவர் ஆண்டுதோறும் பதில் சொல்வார். ஆண்டுதோறும் சர்வேக்காரர் அதை ஏற்க மறுப்பார். இவ்வளவு சண்டைக்கும் நாவலைத் திறந்து பார்க்க வழி இல்லை. உண்மையில் தமிழ் எழுத்தாளர் ஒருவரைப் பற்றி இவ்வளவு உரிமையோடு சண்டை போடும் கூட்டம் சென்னையிலும் அரிது. பேச்சாளருக்குத்தான் அது அன்றைக்குப் புரியாது.

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அரசே நடத்தும் திருவிழா என்பதால் இவர் ‘வாரோத்சவாலு கமிட்டி’ என்று பேட்ஜ் குத்திக்கொள்வார். முதல் நாள் நேருவின் பிறந்த நாள், மாறுவேடப் போட்டி. கோட்டில் ரோஜா செருகிய நேருக்கள் ஏழு பேர் வருவார்கள். ஒரு ஜான்சி ராணி வாளைக் கீழே வைக்க மறுத்து ஒரு நேருவை அழவைப்பாள். ஓவியப் போட்டியில் நான்கு வயதுப் பிள்ளை வரைந்த சார்மினாரின் அளவு பிசகாமல் இருக்கும். அம்மாவின் விரலில் கிரேயான் ஒட்டியிருக்கும். கோலப் போட்டி வாசலில் நடக்கும், தெலுங்கில் முக்குலு. புள்ளிக் கோலமா, பூக் கோலமா, எது மரபு என்று தமிழ் மாமிகளுக்கும் தெலுங்கு ஆன்ட்டிகளுக்கும் நடக்கும் விவாதத்தில் நடுவர் இருவருக்கும் முதல் பரிசு தந்து தப்பிப்பார். பரிசு பெரும்பாலும் உள்ளூர்க் கவிஞரின் தொகுப்பு, விற்காமல் அவர் வீட்டுப் பரணில் இருந்தது. வாங்கிய பிள்ளை அம்மாவைப் பார்க்கும். பக்கத்து நேருவுக்கு எவர்சில்வர் டிபன் டப்பா கிடைத்திருப்பதை அது கவனித்திருக்கும்.

இவ்வளவையும் நூலகர் எப்படிப் பொறுக்கிறார் என்பது நியாயமான கேள்வி. கிளை நூலகத்தில் நூலகர் பெரும்பாலும் ஒண்டிக் கட்டை. பூட்டுத் திறப்பதிலிருந்து பத்திரிகை கட்டுவது வரை அவரே. “மைக் ஒத்து சார்” என்று தெலுங்கில் அவர் கெஞ்சுவது தினப்படி நடப்பது. மைக் வேண்டாம் என்றால் பெரிய மைக் வேண்டாம் என்று இவர் புரிந்துகொள்வார். ஆனால் மேலே, நூலகங்களை நிர்வகிக்கும் கிரந்தாலய சமஸ்தாவுக்கு அறிக்கை போக வேண்டும், என்னென்ன சமூக நிகழ்ச்சி நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், புகைப்படம் எங்கே. அந்த அறிக்கையைக் கூட்டம் போடுகிறவர் கேட்காமலே கொண்டுவந்து கொடுப்பார், மூன்று நகலில், பொருள்-பார்வை எல்லாம் போட்டு. இரானி டீக்கும் உஸ்மானியா பிஸ்கட்டுக்கும் ஆன செலவில் குறைந்ததைத் தன் ஓய்வூதியத்திலிருந்து போட்டிருப்பார். அதை அறிக்கையில் எழுத மாட்டார். வீட்டிலும் சொல்ல மாட்டார். “லைப்ரரியிலயே ஒரு கட்டில் போட்டுக்கச் சொல்லுங்கோ” என்று மாமி அக்கம்பக்கத்தில் சொல்வதிலிருந்து, மாமிக்கு எல்லாக் கணக்கும் தெரியும் என்று ஊகிக்கலாம்.

மகளைப் பார்க்க அமெரிக்கா போய்வந்த ஆண்டு இவருடைய வாழ்வில் திருப்புமுனை. அங்கே சிற்றூர் நூலகத்திலும் மாதாந்திர நிகழ்ச்சி நிரலை அச்சடித்து இலவசமாக அடுக்கிவைத்திருப்பதைக் கண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு எடுத்து வருவார். பின்னல் வட்டம், விதை நூலகம், வரிப் படிவம் நிரப்ப உதவி, குழந்தைகள் நாய்க்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவது. கடைசியில் சொன்னது வேடிக்கையல்ல. சால்ட் லேக் சிட்டியில் 1999இல் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. நாய் தப்பைத் திருத்தாது என்பதால் கூச்சமுள்ள பிள்ளை தைரியமாக வாசிக்கும் என்பது அதன் தத்துவம். செகந்திராபாத்தில் முயன்றபோது நாய்க்குப் பஞ்சமில்லை, பத்திரிகை ஸ்டாண்டுக்குக் கீழே ஒன்று ஏற்கெனவே படுத்திருந்தது. பிள்ளைகள் இரண்டாவது பக்கத்துக்குள் நாயைக் கொஞ்சத் தொடங்கினார்கள். பெற்றோர் ஊசி போட்டதா என்று கேட்டார்கள். நாய் எழுந்து போய்விட்டது. விதை நூலகத்துக்குக் கொடுத்த கொத்தவரை விதையை யாரும் திருப்பித் தரவில்லை.

ஒட்டிக்கொண்டது ஒன்றே ஒன்று, படிவ உதவி. நவம்பர் மாதம் நூலக வாரத்துக்கு மட்டுமல்ல, ஓய்வூதியக்காரர்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுப்பதற்கும் உரிய மாதம். 2014இல் ஜீவன் பிரமாண் திட்டம் வந்தபின் அதை விரல் ரேகை வைத்து மின்னணு முறையில் கொடுக்கலாம். ரயில்வே, ராணுவம், தபால் என்று ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கும் ஊரில், நூலகத்தில் அந்த முகாமை வைக்க யோசித்த மூளை கூட்டம் போடுகிறவருடையது. வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வரும். தேய்ந்த விரல்களை இயந்திரம் லேசில் ஏற்காது. துடைத்து, ஊதி, தேங்காய் எண்ணெய் தடவிப் பார்க்க வேண்டியிருக்கும். லேப்டாப்பில் விரல் வைத்துச் சரிபார்க்கும் வேலையைத் தேர்வுப் பிள்ளைகளே எடுத்துக்கொள்வார்கள், முதன்முறையாக இயர்ஃபோனைக் கழற்றிவிட்டு. டோக்கன் எண் வரும்வரை யாரும் எழுந்து போக முடியாது என்பதைக் கவனித்ததும் இவர் மைக்கை எடுப்பார். ரங்கநாதனின் ஐந்து விதிகளும் அன்று முழுசாகச் சொல்லப்படும். இடையிடையே, 64ஆம் எண் வாருங்கள், 65 தயாராக இருங்கள். பதிவேட்டில் அன்று மட்டும் இரண்டாவது பக்கத்தைப் புரட்ட வேண்டியிருக்கும்.