சரியாக நாலு மணிக்கு

லாச்சப்பல் கடைகளின் கண்ணாடிக் கதவுக்கு இரண்டு வேலை. உள்ளே கிடக்கும் முருங்கைக்காயையும் நெத்தலிக் கருவாட்டையும் தெருவில் போகிறவர்களுக்குக் காட்டுவது ஒன்று. அந்த வேலையைக் கதவு கைவிட்டுப் பல காலமாகிறது. நோட்டீஸ் சுமப்பது மற்றது. அதைத்தான் இரவு பகலாகச் செய்துகொண்டிருக்கிறது. பரதநாட்டிய அரங்கேற்றம், நூல் வெளியீடு, ஊர்ச் சங்கத்தின் ஆண்டு விழா, பழைய மாணவர் ஒன்றுகூடல், உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி, தமிழகத்திலிருந்து பாடகர் வரும் இசை இரவு. நடுவில் 'அறை வாடகைக்கு' என்றொரு கடதாசி. அதன் அடிப்பக்கத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, ஒவ்வொரு கீற்றிலும் ரெலிபோன் இலக்கம். மேல் மூலையில் முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி. அதிலிருக்கும் ஐயா மட்டும், இந்தக் கிழமை எதற்குப் போகலாம் என்று யோசிக்கும் முகத்தோடு கீழே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பாரிசில் ஈழத்தமிழரான எங்களுக்கு வாய்த்த லாச்சப்பல், கார் து நோர் ரயில் நிலையத்தின் முதுகுப்புறம். ஃபோபூர் சந்தெனி வீதியின் மேல் நுனி, அதிலிருந்து பிரியும் கய் வீதி, பெர்தொனே வீதி, தலைக்கு மேலே தூண்களில் ஓடும் இரண்டாம் இலக்க மெற்றோ. சனம் குடியிருப்பது இங்கே அல்ல. அது சார்செல், லா கூர்னெவ், பொபினி என்று புறநகரெங்கும் சிதறிக் கிடக்கிறது. சாமான் வாங்க, தலைமயிர் வெட்ட, தாலி செய்ய, வம்பு கேட்க மட்டும் லாச்சப்பலுக்கு வரும். அரை மணி நேரத்தில் நடந்து முடிக்கக்கூடிய இந்தச் சிறு பட்டணத்தில் கலை உண்டு, இலக்கியம் உண்டு, விளையாட்டு உண்டு, இவை ஒவ்வொன்றிலும் இரண்டாக உடைந்த சங்கம் உண்டு.

நோட்டீஸ் படிக்கவும் ஒரு பயிற்சி வேண்டும். மிகப் பெரிய வட்டத்துக்குள் இருக்கும் முகம் பிரதம விருந்தினர். அதற்கடுத்த வட்டங்களில் சிறப்பு விருந்தினர்கள், கௌரவ விருந்தினர்கள். காசு கொடுத்த கடைகளின் பெயர்கள் கீழே ஒரு வரிசை. ஆடப்போகும் பிள்ளையையோ புத்தகம் எழுதியவரையோ காண வேண்டுமென்றால் கண்ணாடி போட்டுத் தேட வேண்டும். எந்த நோட்டீசிலும் மாறாத வசனம் ஒன்றிருக்கிறது: நிகழ்வு சரியாக நாலு மணிக்கு ஆரம்பமாகும். 'சரியாக' என்பதைச் சிலர் சிவப்பில் அடிப்பார்கள். கறுப்பென்றால் ஐந்தரைக்குப் போனால் போதும். சிவப்பென்றால் ஆறு.

நாலு மணி என்பதை நம்புகிற ஒரு கூட்டமும் உண்டு. அவர்கள் பிரெஞ்சுக்காரர். அரங்கேற்றம் காணும் பிள்ளையின் லிசே ஆசிரியை, கூடப் படிக்கும் இரண்டு பிள்ளைகள், பக்கத்து வீட்டு மதாம். மூன்று ஐம்பதுக்குப் பூச்செண்டோடு மண்டப வாசலில் நிற்பார்கள். உள்ளே ஓர் அண்ணை ஏணியில் ஏறித் திரைச்சீலைக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருப்பார். இன்னொருவர் மைக்கை ஊதிப் பார்ப்பார். நடராஜர் அப்போதும் வான் வண்டிக்குள் கயிற்றுக் கட்டோடு படுத்திருப்பார். மதாம் முதல் வரிசையில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்க்காமலிருக்கப் பாடாய்ப் படுவார்.

மிருதங்க வித்துவான் வர வேண்டும். எங்கள் அரங்கேற்றங்களில் பாட்டுக்காரர் ஒரு நாடு, வயலின் ஒரு நாடு, மிருதங்கம் ஒரு நாடு. லண்டன் வித்துவானை யூரோஸ்ரார் ரயில் இரண்டேகால் மணி நேரத்தில் கடலுக்கடியால் கொண்டுவந்து கார் து நோரில் இறக்கிவிட்டது. அதில் ஒரு பிசகுமில்லை. அவரை ஏற்றிவரப் போனவர்தான் நம்மவர். வருகிற வழியில் லாச்சப்பலில் ஒரு நிமிடம் காரை நிறுத்தியிருக்கிறார், வெற்றிலை வாங்க. லாச்சப்பலில் ஒரு நிமிடம் என்றால் என்னவென்று வித்துவானுக்குத் தெரியும். அவர் காரிலேயே ஒரு தூக்கம் போட்டுவிட்டார்.

தொடங்கிவிட்டால் சும்மா சொல்லக்கூடாது. இங்கே பிறந்து, பள்ளியில் பிரெஞ்சும் வீட்டில் அரைத் தமிழுமாக வளர்ந்த பிள்ளை, முக்கால் மணி நேர வர்ணத்தை மூச்சு வாங்காத முகத்தோடு ஆடி முடிக்கும்போது மதாமின் கண் கலங்கிவிடும். இடைவேளையில் யாரோ ஒரு மாமி அவர் கையில் மட்டன் ரோல்ஸ் ஒன்றைத் திணிப்பார். அதன் உறைப்பில் இன்னொரு தரம் கலங்கும்.

நேரத்தைப் பற்றி இந்தத் தெருவுக்குப் பெரிய பாரம்பரியமே இருக்கிறது. லாச்சப்பல் மெற்றோ நிலையத்துக்குப் பக்கத்தில், 1876இல் கட்டிய பூஃப் து நோர் என்ற நாடக அரங்கு. பாழடைந்து கிடந்ததை நாடக இயக்குநர் பீட்டர் புரூக் 1974இல் மறுபடி திறந்தார், சுவரிலிருந்த காயங்களைப் பூசி மறைக்காமல். அவருடைய மகாபாரதம் 1985இல் அவிஞ்ஞோன் நாடக விழாவில் மேடையேறிய பிறகு இங்கேதான் வந்தது. மொத்தம் ஒன்பது மணி நேரம். திரௌபதியாக மல்லிகா சாராபாய். ஒன்பது மணி நேர நாடகத்துக்கு ரிக்கற் வாங்கிய பாரிஸ்காரர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனாலும் விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டு, கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நேரே தோட்டத்துக்குப் போன பரம்பரைக்கு ஒன்பது மணி நேரம் என்ன கணக்கு? கட்டியகாரன் வந்து போகவே அவ்வளவு ஆகும்.

அதே 1985இல்தான் மாணிக்க விநாயகர் ஆலயமும் தொடங்கியது. அந்தக் காலத்தில் வந்திறங்கிய ஓர் அண்ணையிடம் ஒருநாள் கேட்டேன்: "அண்ணை, பாரதம் உங்கடை வாசலிலையே நடந்திருக்குதே, பாத்தனீங்களோ?"

"எங்கை தம்பி பாக்கிறது? நாங்கள் அப்ப அஞ்ஞாதவாசத்திலை எல்லோ இருந்தம். விசாக் காட் கிடைச்சாப் பிறகுதான் வெளியிலை தலை காட்டினது."

நூல் வெளியீட்டுக்கு வருவோம். ஐந்து திரி போட்ட குத்துவிளக்கை ஏற்றப் பதினொரு பேரை மேடைக்கு அழைப்பார்கள். மெழுகுதிரி கைமாறி மாறி வரும்; ஏழாவது ஆள் தொடக்கம் எல்லாரும் எரிகிற திரியையே மறுபடி ஏற்றிவிட்டுப் படத்துக்கு நிற்பார்கள். அகவணக்கம் முடிந்ததும் உரைகள். வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, அறிமுகவுரை, ஆய்வுரை, நயப்புரை, வெளியீட்டுரை. இதில் ஆய்வுரைக்கும் நயப்புரைக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆய்வுரை செய்பவர் புத்தகத்தில் பாதி படித்திருப்பார். நயப்புரை செய்பவர் அட்டையைப் பார்த்திருப்பார். ஆகையால் நயப்புரைதான் நீளம். 'நேரம் போதாமையால் சுருக்கமாக முடிக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால் உரை நடுப்பகுதிக்கு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அறிவிப்பாளர் 'இன்னும் இரண்டு நிமிடம்' என்று துண்டெழுதி அனுப்புவார். பேச்சாளர் அதை வாங்கி, தூரப் பிடித்து வாசித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, 'அடுத்ததாக' என்பார்.

பிறகுதான் முக்கியமான கட்டம். முதற்பிரதி வாங்குபவர், அதன் பின் சிறப்புப் பிரதி வாங்குபவர்கள். பெயர் கூப்பிட ஒவ்வொருவராக வந்து, என்வலப்பைக் கொடுத்து, புத்தகத்தை வாங்கி, கமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்க வேண்டும். யார் யார் வந்தார்கள் என்பது கலியாண வீட்டு மொய்க் கொப்பிபோல எழுத்தாளர் மனதில் வரி வரியாகப் பதியும். நீங்கள் என் கவிதைத் தொகுப்புக்கு வந்தால் நான் உங்கள் மகளின் அரங்கேற்றத்துக்கு. வராதவரின் நோட்டீசை அடுத்த முறை கண்ணாடியில் பார்த்தாலும் கண் தெரியாது. இதற்குள் பின்பக்கத்தில் ரோல்ஸ் பொரிபடத் தொடங்கும். எந்த விமர்சகராலும் கலைக்க முடியாத சபையை அந்த வாசம் ஐந்து நிமிடத்தில் கலைத்துவிடும்.

மண்டபம் நகரசபையினுடையது. பத்து மணி வரைதான் ஒப்பந்தம். ஒன்பதே முக்காலுக்குக் காவலாளி திறப்புக் கோர்வையைக் குலுக்கிக்கொண்டு கதவடியில் வந்து நிற்பார். எழுத்தாளர் அப்போதுதான் ஏற்புரைக்கு எழும்பியிருப்பார். பத்துக்கு ஒரு வரிசை விளக்கு அணையும்; பத்தே காலுக்கு மற்றதும். நன்றியுரை சொல்ல வந்தவர் இருட்டில் மைக்கில்லாமல், கதிரை அடுக்குகிறவர்களுக்கு நன்றி சொல்லுவார். நன்றியுரையை வெளிச்சத்தில் கேட்ட ஆளை இந்த ஊரில் நான் கண்டதில்லை.

நக்கலடிக்கிறேன் என்றாலும், இந்தச் சபைகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து சண்டை பிடித்தவர்களால்தான் புலம்பெயர்ந்த எழுத்து என்று ஒன்று உருவானது. பாரிசில் இருந்து எழுதிய ஷோபாசக்தி, ஜாக் ஓதியாரின் 'தீபன்' படத்தில் நாயகனாக நடித்தார். 2015இல் அந்தப் படம் கான் விழாவில் தங்கப்பனை விருது வாங்கியது. அந்தக் கிழமை லாச்சப்பலில் அவரோடு ஒரு தேத்தண்ணியாவது குடித்திராத மனிதரை என்னால் சந்திக்க முடியவில்லை.

எங்கள் சனத்தால் நேரத்துக்கு வரவே முடியாது என்று நினைத்துவிடக் கூடாது. 2016இல் ரஜினியின் 'கபாலி'யை கிரான் ரெக்ஸ் அரங்கில் போட்டார்கள். 1932இல் திறந்த, 2,700 பேர் வரை இருக்கக்கூடிய மாளிகை அது. நூல் வெளியீட்டுக்கு ஆறரைக்கு வருகிற அதே ஆட்கள் அங்கே கதவு திறக்க முன்னமே வரிசையில் நின்றார்கள். ரஜினி வருகிற காட்சி தவறினால் தவறினதுதான்; வரவேற்புரை தவறினால் லாபம்.

ரஜினிக்கு அடுத்தபடியாக நேரம் பார்ப்பவர் பிள்ளையார். மாணிக்க விநாயகரின் தேர் 1996 முதல் இந்த வீதிகளில் ஓடுகிறது. ஓகஸ்ட் கடைசியில், சில வருடம் செப்ரெம்பர் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முற்பகலில் புறப்படும், பின்னேரம் வீதி மறுபடி காருக்கும் பஸ்ஸுக்கும் போய்விடும். ஐயர் சொன்ன நல்ல நேரத்தைவிடப் பொலிஸ் எழுதிக் கொடுத்த நேரம்தான் இங்கே இராகுகாலத்தையும் எமகண்டத்தையும் வெல்லும். தடுப்புக் கம்பி போட்டு வீதியை அடைத்துவிட்டால், பிந்தி வருகிறவருக்காகத் தேரைப் பிடித்து வைக்க யாராலும் முடியாது.

அன்றைக்கு லாச்சப்பல் வேறு ஊர். கடைக்குக் கடை வாசலில் மஞ்சள் பூசிய தேங்காய்கள் மலையாகக் குவிந்திருக்கும். வருடம் முழுக்கப் பத்து சந்தீமுக்குக் கணக்குப் பார்க்கிற முதலாளி, அன்று தண்ணீர்ப்பந்தல் போட்டு, போகிறவர் வருகிறவரைக் கையைப் பிடித்திழுத்து மோர் குடிக்க வைப்பார். தலையில் கற்பூரச் சட்டியோடு பெண்கள், காவடிகள், நாதஸ்வரம், மேளம். ஊரில் தேர் வந்தால் முன்னால் ஒருவர் கவர்த்தடியோடு மின்கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போவார். எங்கள் ஊரில் அது பெரிய பதவி. பாரிசில் கம்பியெல்லாம் நிலத்துக்குக் கீழே. அந்தப் பதவியை இழந்தவர்கள் இங்கே கையில் தடியில்லாமலே 'வலதுபக்கம், வலதுபக்கம்' என்று கத்திக்கொண்டு போகிறார்கள்.

தேங்காய் அடிக்கத் தொடங்கினால் ஒதுங்கி நிற்பது நல்லது. அடிக்கிறவர் குனிந்த நிலையில் இரண்டு கையாலும் எடுத்து எடுத்துத் தாருக்கு மேல் அறைவார். சிரட்டைச் சில் சன்னம்போலப் பறக்க, தேங்காய்த் தண்ணி தெருவோரக் கானில் ஓடும். போன தேரில் ஓர் இங்கிலீஷ் தம்பதி, யூரோஸ்ராரில் வந்திறங்கிச் சக்கரப் பெட்டியோடு ஹோட்டல் தேடி வந்து, நேரே இதற்குள் சிக்கிக்கொண்டது. கணவருக்கு யாரோ விபூதி பூசிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அவர் வடம் பிடித்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பெட்டியையும் இழுத்துக்கொண்டு மனைவி பின்னால் வருகிறார். தேருக்குப் பின்னால், பச்சைச் சீருடையில் நகரசபைத் துப்புரவுத் தொழிலாளர்கள் தங்கள் வாகனத்தோடு. அவர்களுக்கும் எங்கள் மாமிமாருக்கும்தான் கடும் போட்டி: தும்புத்தடி வந்து சேர முன்னம் நல்ல பாதியாகப் பார்த்துச் சம்பலுக்குப் பொறுக்கிவிட வேண்டும்.

இவ்வளவும் ஓர் உரைகூட இல்லாமல் நடந்து முடிகிறது. பிரதம விருந்தினர் பிள்ளையார், அவர் பேசுவதில்லை.

தண்ணீர்ப்பந்தலடியில் ஒரு சங்கத் தலைவர் அண்ணை மோரோடு நின்றார். அவர்களின் ஆண்டு விழா நோட்டீஸ் அப்போதே கண்ணாடியில் ஏறியிருந்தது, 'சரியாக' சிவப்பில். சொன்னேன்: "அண்ணை, தேரைப் பாருங்கோ. நாங்களும் பொலிசிட்டைச் சொல்லி, நாலு மணிக்கு மண்டப வாசலை அடைச்சுப்போட்டால் என்ன? சனம் தன்ரைபாட்டிலை நேரத்துக்கு வரும்."

அண்ணை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாலு மணிக்குத் தொடங்கினால் சனம் ஆளையாள் எப்ப கதைக்கிறது தம்பி? நாலிலையிருந்து ஆறு மட்டும்தான் விழா. என்ரை மூத்தவளின்ரை கலியாணம் பொருந்தினதே அந்த வாசலிலைதான். உந்த மேடை, பேச்சு, டான்ஸ் எல்லாம் மண்டபக் காசுக்கு நியாயம் காட்டவேணும் எண்டு வைக்கிறது."

நான் வாயடைத்து நிற்க, மோர்க் கோப்பையை வைத்துவிட்டுத் தோளில் தட்டினார்.

"எண்டாலும் நீர் நல்லாக் கதைக்கிறீர். இந்த முறை நன்றியுரை உம்மடை பொறுப்பு."