அரை விநாடிச் சம்பந்தி

பழைய கல்யாணக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கும் விஷயம் சொந்தக்காரர்கள் காதுக்கு எட்டவே கூடாது. எட்டினால் அன்றிலிருந்து நீங்கள்தான் குடும்பத்தின் சென்சார் போர்டு.

எங்கள் வீட்டுக் கேசட், 1994-இல் மன்னார்குடியில் நடந்த அத்தை மகள் கல்யாணம். ஈ-180 ரகம், முழுதாக மூன்று மணி நேரம். அதில் பெண்ணும் மாப்பிள்ளையும் வருவது கொஞ்ச நேரம்தான். மிச்சமெல்லாம் பந்தி. முகத்தில் வீடியோ லைட் அடித்ததும், வாயில் போட்ட ஜாங்கிரியை மெல்லலாமா, அப்படியே வைத்துக்கொண்டு சிரிக்கலாமா என்று ஒவ்வொருவரும் தவிப்பதை அங்குலம் அங்குலமாக எடுத்திருக்கிறார்கள். மிக்ஸிங் செய்தவருக்கோ தாராள மனசு. திரையில் இதயம் ஒன்று சுழன்று வந்து விரியும். உள்ளே சாம்பார் வாளியோடு பரிமாறுகிறவர் நிற்பார்.

இதைக் காப்பாற்ற அவசரமும் இருந்தது. டேப்பில் பூசணம் பிடிக்கிறது. போட்டுப் பார்க்க டெக்கும் கிடைப்பதில்லை. கடைசி வரை தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையோடு கை கழுவிவிட்டது. கடையில் கொடுத்து டிவிடி ஆக்கி வாங்கி வந்தேன். வாங்கி வந்த கையோடு விண்ணப்பங்களும் வர ஆரம்பித்தன.

முதலில் வந்தவன் அக்கா மகன். புது டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுகிறதாம், இழுத்து நிரப்ப வேண்டுமாம். கேசட் படம் 4:3, டிவி 16:9. இழுத்தால் ஒவ்வொருவரும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாவார்கள். ஒரு நிமிடம் இழுத்துக் காட்டினேன். சித்தி பார்த்துவிட்டு, “கல்யாணத்தப்பவே நான் இப்படியா இருந்தேன்?” என்று கேட்ட தொனியில் அந்த விண்ணப்பம் அங்கேயே தள்ளுபடியானது.

அவன் சளைக்கவில்லை. ஏஐ மென்பொருளில் போட்டு 4கே ஆக்கிக்கொண்டு வந்தான். விஎச்எஸ் டேப்பில் படத்தின் குறுக்கே பிரித்தறியக் கூடிய விவரமே சுமார் 240 கோடு அளவுதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் மென்பொருள் தானாக இட்டுக்கட்ட வேண்டும், கட்டியது. எழுபது வயதில் ஒரு பல்லும் இல்லாமல் ஆசீர்வாதம் செய்த எங்கள் பாட்டி, அதில் பற்பசை விளம்பரம் போலச் சிரிக்கிறாள்.

ஆனால் அசல் சோதனை அத்தைதான். “அந்த ஆள் மூஞ்சி என் பொண்ணு கல்யாணத்துல தெரியவே கூடாது.” அந்த ஆள், மாப்பிள்ளையின் பெரியப்பா. “பொண்ணு வீட்டுல எனக்கு ஒரு குன்றிமணி தங்கம் போட்டாங்களா?” என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததில் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது.

வெட்டலாம்தான். ஆனால் சாதாரண எடிட்டிங் மென்பொருளில் வெட்டிச் சேமித்தால் படம் முழுவதும் மறுபடி சுருக்கப்படும். அப்படி ஒவ்வொரு சேமிப்பும், விருந்தாளி வர வர ரசத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை. தரம் குறையாமல் வெட்ட லாஸ்லெஸ்கட், அவிடெமக்ஸ் போன்றவை இருக்கின்றன. அவை படத்தைத் தொடாமல் துண்டுகளை மட்டும் நகலெடுத்து ஒட்டும். ஒரே நிபந்தனை: ஒட்டுகிற துண்டு ‘கீஃபிரேம்’ என்னும் முழுப் படத்தில்தான் தொடங்க வேண்டும். டிவிடியில் விநாடிக்கு 25 ஃபிரேம். முழுப் படம் 12 அல்லது 15 ஃபிரேமுக்கு ஒன்றுதான். நடுவில் இருப்பவை, பக்கத்துப் படங்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டுமே. ஆகவே நினைத்த இடத்தில் கத்தரி வைக்க முடியாது. ஏறக்குறைய அரை விநாடிக்கு ஓர் இடம்தான் கிடைக்கும். கடைக்காரர் எம்பி4 கோப்பாகக் கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். எம்பி4-க்குப் படத்தைச் சுருக்கித் தரும் எக்ஸ்264 மென்பொருளின் இயல்பு அமைப்பில் இரண்டு கீஃபிரேமுக்கு நடுவே 250 ஃபிரேம் வரை போகலாம், அதாவது பத்து விநாடி. அவ்வளவு பெரியப்பாவை அத்தை தாங்கமாட்டார்.

பெரியப்பா நின்ற இடமும் அப்படி. தாலி கட்டும் நேரத்தில் சரியாக கேமராவை மறைத்துக்கொண்டு நின்று, அட்சதையை வீசிவிட்டு விலகுகிறார். அவர் விலகும்போது ஒரு கீஃபிரேம். அடுத்தது வருவதற்குள் முதல் முடிச்சு விழுந்துவிடுகிறது. முன்னதில் தொடங்கினால் அவர் கை அரை விநாடி தெரியும். பின்னதில் தொடங்கினால் அந்த முடிச்சே படத்தில் இருக்காது.

“முடிச்சு இல்லாம எப்படிடா கல்யாணம்?” என்றார் அத்தை. கை இருக்கட்டும் என்று முடிவானது. அசல் கோப்பை யாரும் தொடாதபடி தனியாக வைத்துவிட்டு, நகலில் வெட்டி, ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்கார வைத்துப் போட்டேன்.

கெட்டிமேளம் முழங்குகிறது. கை வந்து போனது. அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நிறுத்து. கொஞ்சம் பின்னாடி போ. அந்த விரல்ல என்ன?”

மோதிரம்.

“ஒரு பவுன்! சம்பந்தி மரியாதைக்கு நாங்க போட்டது! குன்றிமணி தங்கம் போடலையாமே? டேய், வெட்டினதையெல்லாம் திரும்பச் சேர்த்துடு. அந்தக் கையைத் திரை முழுக்கப் பெருசாக்கி அவர் வீட்டுக்கு அனுப்பு.”

“அத்தை, பெருசாக்கினா மறுபடி சுருக்க வேண்டியிருக்கும். தரம் போயிடும்.”

“அந்த ஆளுக்குத் தரம் போய் எத்தனையோ வருஷமாச்சு. நீ பெருசாக்கு.”